வருடா வருடம் ஊசி போட்டும் ஆட்டுக்கொல்லி நோய் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: கென்யாவின் வடக்கே துர்கானா பகுதியில் ஒரு கால்நடை நலத் திட்டத்தில் மருத்துவராக இருக்கிறேன். அரசுக் கால்நடைத் துறையுடன் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை ஆடுகளுக்கு பி.பி.ஆர். எனப்படும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடுகிறோம். மருந்து குறைவாகத்தான் வரும், அதை எல்லா வட்டாரத்துக்கும் பங்கிட்டு விடுவோம். அப்படியும் நோய் வந்துகொண்டே இருக்கிறது. இதே ஆப்பிரிக்காவில் மாடுகளின் வெக்கை நோயை அடியோடு ஒழித்தார்களே, நாங்கள் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பங்கீட்டை நிறுத்துங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு ஆடுகள் உள்ள பட்டியில் அறுபதுக்கு ஊசி போடுகிறீர்கள். ஒரு வருடத்துக்குள் விற்றது, அறுத்தது, செத்தது என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அந்த இடத்தில் ஊசி போடாத குட்டிகள் வந்திருக்கும். அடுத்த முகாமுக்கு நீங்கள் போகும்போது காப்பு உள்ளவை நாற்பதுதான். நோய் பரவாமல் நிற்க மந்தையில் எழுபது, எண்பது சதவீதமாவது காப்போடு இருக்க வேண்டும். நீங்கள் போட்ட மருந்து வீணில்லை, பல ஆடுகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் வைரஸ் ஓட இடம் இருந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. அரைகுறைக் காப்பு உள்ள மந்தையில் நோய் பெரிதாக வெடிக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டிகள் சாகும், யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள்.

வெக்கை நோய் விஷயத்தில் ஆப்பிரிக்கா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. நைரோபி அருகே முகுகாவில் கால்நடை அறிவியலாளர் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசி ஒரே டோஸில் வாழ்நாள் காப்புத் தந்தது. அதை வைத்து 1962இல் ஜே.பி.15 என்ற கூட்டுத் திட்டம் தொடங்கி 1976 வரை 22 நாடுகளில் நடந்தது. நோய் அநேகமாக மறைந்தே போனது. மேற்கிலும் கிழக்கிலும் சில இடங்களில் மட்டும் ஒளிந்திருந்தது. முடிந்துவிட்டது என்று நாடுகள் கையைத் தளர்த்தின. 1980களின் தொடக்கத்தில் அந்த மிச்சத்திலிருந்தே நோய் கிளம்பி, நைஜீரியா முதல் கிழக்கு ஆப்பிரிக்கா வரை மாடுகளை அள்ளிக்கொண்டு போனது.

1986இல் தொடங்கிய பான்-ஆப்பிரிக்க வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் 34 நாடுகளில் நடந்தது. அதிலும் முதல் சில வருடங்கள் எத்தனை ஊசி போட்டோம் என்ற கணக்கிலேயே போயின. திருப்பம் வந்தது இரண்டு காரியங்களால் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, கால்நடை மருத்துவர் ஜெஃப்ரி மரைனர் குழுவினர் உருவாக்கிய வெப்பம் தாங்கும் தடுப்பூசி. குளிர்ப்பெட்டி இல்லாமலே ஒரு மாதம் வரை அது கெடாது. இரண்டாவது, அந்த மருந்தை எடுத்துக்கொண்டு நடந்தே போன மேய்ப்பர்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதிக்கும் போர் நடந்துகொண்டிருந்த தெற்கு சூடானுக்கும் அரசு வண்டி போக முடியாது. அந்தந்த ஊர் மக்களே தேர்ந்தெடுத்த ஆட்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து ஊசியைக் கையில் கொடுத்தார்கள். பட்டம் இல்லாதவர்களிடம் ஊசியா என்று நம் மருத்துவர்களில் பலர் எதிர்த்தார்கள். அஃபாரிலும் தெற்கு சூடானிலும் நோயை நிறுத்தியவர்கள் அந்த மேய்ப்பர்கள்தான்.

கடைசியாக மிஞ்சியது உங்களுக்கு அண்டைப் பகுதி: வடகிழக்குக் கென்யா, தெற்கு சோமாலியா. அங்கே இருந்த வைரஸ் மாடுகளிடம் மிதமாகவே காட்டிக்கொண்டது. 1994-95இல் கென்யாவின் சாவோ தேசியப் பூங்காப் பகுதியில் காட்டெருமைகளும் குடு மான்களும் செத்த பிறகுதான் அது உலவுவது வெளியே தெரிந்தது. இங்கெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டு, மேய்ப்பர்களிடம் விசாரித்து, ரத்த மாதிரி எடுத்து வைரஸைத் தேடினார்கள். ஊசி போட்ட மாட்டையும் நோய் கண்டு பிழைத்த மாட்டையும் ரத்தப் பரிசோதனையில் பிரிக்க முடியாது என்பதால், நிறுத்தினால்தான் உண்மை தெரியும். 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் கண்டதுதான் உலகின் கடைசி வெக்கை நோய். 2011இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

சரி, உங்கள் ஆடுகளுக்கு வருவோம். ஆட்டுக்கொல்லி வைரஸ் வெக்கை நோய் வைரஸின் நெருங்கிய உறவு. ஆட்டுக்கொல்லிக்குப் போடும் நைஜீரியா 75/1 தடுப்பூசி ஒரு டோஸில் குறைந்தது மூன்று வருடம் காக்கும். ஆட்டின் மந்தை வாழ்வே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது போட்ட ஆட்டுக்கே வருடா வருடம் திரும்பப் போட வேண்டியதில்லை. மாட்டை விடக் கடினமானது, ஆடு வேகமாகப் பெருகுவதும் சந்தைக்குச் சந்தை கைமாறுவதும்தான்.

ஆகவே எல்லா வட்டாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பதற்குப் பதிலாக, ஒரு மேய்ச்சல் பரப்பைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாக எல்லையைப் பார்க்காதீர்கள். துர்கானா மந்தைகள் உகாண்டாவின் கரமோஜா வரை போய் வருபவை, எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே வாரங்களில் ஊசி போடச் செய்யாவிட்டால் உங்கள் உழைப்பு நிலைக்காது. அந்தப் பரப்பில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா ஆடுகளுக்கும் தொடர்ந்து இரண்டு வருடம் போடுங்கள், முதல் வருடம் விட்டுப்போனவை இரண்டாம் வருடம் சேர்ந்துவிடும். அப்புறம் வரும் வருடங்களில் புதுக் குட்டிகளுக்கு மட்டும் போட்டால் போதும். ஆட்டுக்கொல்லிக்கான சர்வதேச ஒழிப்புத் திட்டம் 2015இல் வகுத்த வழியும் இதுவே. மீதி வட்டாரங்களை விட்டுவிடுகிறோமே என்று அதிகாரிகளும் ஊர்த் தலைவர்களும் கோபப்படுவார்கள். அவர்களிடம் மேலே உள்ள நூறு ஆட்டுக் கணக்கைக் காட்டுங்கள்.

முகாம் தேதியை அலுவலக நிதியாண்டு முடிவு செய்யக் கூடாது. மழைக்குப் பின் எந்த மாதம் குட்டி அதிகம் விழும் என்று மேய்ப்பர்களைக் கேளுங்கள், அதிலிருந்து நான்கு மாதம் தள்ளி வையுங்கள். மிக இளம் குட்டிக்குப் போட்டால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றலே தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடும். மருந்தைக் கரைத்த பின் அரை மணிக்குள் போட்டு முடிக்க வேண்டும், பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த பட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். போட்ட ஆட்டுக்குக் காதில் அடையாளம் இடுங்கள்.

ஒரு மாதம் கழித்துச் சில பட்டிகளில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். எத்தனை டோஸ் செலவானது என்ற அறிக்கையை விட இந்த ஒரு சோதனைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஏற்கெனவே நோய் கிளம்பிய பட்டி என்றால், வாய்ப்புண்ணும் கழிச்சலும் தொடங்கிய ஆட்டுக்கு ஊசி பயன் தராது. சுற்றியுள்ள பட்டிகளுக்குப் போடுங்கள். நோயுற்ற ஆட்டின் கண், மூக்குக் கசிவை எடுத்து நைரோபி கபேட்டேயில் உள்ள மத்தியக் கால்நடை ஆய்வகத்துக்கு ஐஸில் அனுப்புங்கள். அந்த ஆடு கடைசியாக எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்று உரிமையாளரிடம் கேட்டு, மாதிரியோடு எழுதி வையுங்கள். அடுத்து எந்தப் பரப்பில் ஊசி போடலாம் என்று முடிவெடுக்க அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.