கம்பெனிக்காரன் தரும் சிஎஸ்ஆர் பணம்: கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரிலிருந்து வடக்கே தொண்டி வரையும் தெற்கே சாயல்குடி வரையும் அலைந்து, தொண்டு நிறுவனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் திட்ட அறிக்கை எழுதிக்கொடுப்பது என் வேலை. பதினோரு வருஷமாகிறது. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் ஊர் நலனுக்காகச் செலவழிக்கும் சமூகப் பொறுப்பு நிதி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் தருகிறேன்.

திருப்பாலைக்குடியிலிருந்து: அண்ணே, வலையை அறுத்துட்டாங்கன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். சிஎஸ்ஆர் போட்டாச்சுன்னு ரசீது தந்தாங்க. நீங்க சொல்ற பணம் அதுல வருமா?

வராது தம்பி. அந்த ரசீது நம்ம போலீஸ் ஸ்டேஷனில் மனுவைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான அத்தாட்சி. எழுத்து மூன்றும் ஒன்று, சங்கதி வேறு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வழக்குக்கு உதவும். இங்கே பேசுவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி. கேள்வியில் தப்பே இல்லை. இதே குழப்பத்தோடு ஒரு ஊர்த் தலைவரே என்னிடம் வந்திருக்கிறார்.

உச்சிப்புளியிலிருந்து: இது அவங்களா மனசு வச்சுக் கொடுக்கிறதா, கொடுத்தே ஆகணுமா?

கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் எல்லாக் கம்பெனியும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) 500 கோடி ரூபாய், விற்றுமுதல் (வருஷத்து மொத்த விற்பனை) 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால் அந்தக் கம்பெனி உள்ளே வந்துவிடும். கடந்த மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். லாபம் 40, 50, 60 கோடி என்று வைத்துக்கொண்டால் சராசரி 50 கோடி, செலவழிக்க வேண்டியது ஒரு கோடி.

அதனால் கும்பிட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அதே சமயம் "எங்க ஊருக்குத் தந்தே ஆகணும்" என்று மேஜையைத் தட்டவும் முடியாது. தொழில் நடத்தும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய அரசே விளக்கம் கொடுத்துவிட்டது. நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018-இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' தமிழ்நாட்டுக்கு இடம் இரண்டுதான்: விருதுநகரும் நம்ம இராமநாதபுரமும். மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று தனி வழிகாட்டுதல் இருக்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே இதை எழுதுங்கள். எழுதாதவர்கள்தான் அதிகம்.

தேவிபட்டினத்துக்குப் பக்கத்திலிருந்து: எங்க ஊரைச் சுத்தி இறால் பண்ணை. கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. அவங்க சிஎஸ்ஆர் தர மாட்டாங்களா?

பெரும்பாலும் தர மாட்டார்கள். தனி ஆளோ கூட்டு வியாபாரமோ நடத்தும் பண்ணைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, இது கம்பெனியாகப் பதிவானவர்களுக்கு மட்டும். பதிவாகியிருந்தாலும் நான் சொன்ன அளவைத் தொட வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று: கிணறு உப்பானதற்குக் கேட்க வேண்டியது நிவாரணமும் நடவடிக்கையும். அதற்குக் கலெக்டர் அலுவலகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருக்கின்றன. நிழற்குடை கட்டிக் கொடுத்து வாயை அடைக்க விட்டுவிடாதீர்கள்.

மூக்கையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழு: எங்களுக்கு ஆர்ஓ பிளான்ட் கேட்டு எழுதித் தர்றீங்களா?

அக்கா, உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் அந்த இயந்திரத்துக்கு எழுதித் தருவேன். அதற்கு முன்னால் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடலோரக் கிராமத்துக்கு நானே ஆர்ஓ கேட்டு எழுதினேன். பணம் வந்தது, ஷெட் எழும்பியது, ரிப்பன் வெட்டினார்கள், பத்திரிகையில் படமும் வந்தது. ஒன்றரை வருஷத்தில் நின்றுபோனது. இன்றைக்கு அந்த ஷெட்டில் வலை மூட்டை கிடக்கிறது. கம்பெனி ஏமாற்றவில்லை, ஊரும் கெடுக்கவில்லை. அறிக்கையில் இயந்திரத்தின் விலையை எழுதிய நான், அதை ஓட்டுகிற விலையை எழுதவில்லை.

நம்ம கடற்கரையில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் டிடிஎஸ் என்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அளவு. உப்பு ஏற ஏற இயந்திரத்துக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும், உப்புப் படியாமல் இருக்க மருந்து ஊற்ற வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், ஓட்டுகிறவருக்குச் சம்பளம் தர வேண்டும். சவ்வு மாற்றும் நாள் வரும்போது பெரிய தொகையாகக் கேட்கும். குடம் ஐந்து ரூபாய்க்கு விற்றால் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பணம் யார் கையில், எந்தக் கணக்கில் என்று முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் ஆறாவது மாசம் சண்டை வரும். இன்னொன்றையும் எல்லாரும் மறப்பார்கள். சுத்தமான தண்ணீர் ஒரு பக்கம் வந்தால் இன்னொரு பக்கம் முன்னைவிட உப்பான கழிவுநீர் வரும். அதை ஊரணிக்குள் விட்டீர்களானால் இருக்கிற நல்ல தண்ணீரும் போச்சு.

இப்போது நான் எழுதும் விதம் வேறு. விதிகளில் "தொடர் திட்டம்" என்று ஒரு வகை இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று வருஷம் வரை ஓடலாம். மிச்சமிருக்கும் தொகையைக் கம்பெனி தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்து அந்த மூன்று வருஷத்துக்குள் செலவழிக்க வேண்டும். ஆக, இயந்திரத்தோடு பராமரிப்பையும் பயிற்சியையும் சேர்த்து ஒரே திட்டமாகக் கேட்கலாம். கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. "மிஷினை மட்டும் வச்சுட்டுப் போயிடுறோம்" என்பவர்களிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

உங்கள் ஊரில் பழைய ஊரணி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலை அகற்றி, கரையைப் பலப்படுத்தி, வேலி போட்டுவிட்டால் மழைத் தண்ணீர் நிற்கும். ரிப்பன் வெட்ட அழகாக இருக்காது. ஆனால் சவ்வு மாற்ற வேண்டியதில்லை.

வேதாளையிலிருந்து: கடல்பாசி வாங்குற கம்பெனி எங்களுக்கு மிதவை, கயிறு, விதைப்பாசி எல்லாம் தர்றதாச் சொல்லுது. இது சிஎஸ்ஆரா, யாவாரமா?

நல்ல கேள்வி, அக்கா. வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் வராது. "நான் மிதவை தருகிறேன், பாசியை எனக்கு மட்டும்தான் விற்கணும், விலையும் நான் சொல்றதுதான்" என்றால் அது முன்பணம் கொடுத்துக் கொள்முதல் செய்வது. யாவாரம் தப்பில்லை. அதை உபகாரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம், மிதவை உங்கள் குழுவின் சொத்து என்று எழுதித் தந்தால்தான் அது சமூகப் பணி.

நீங்கள் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடல்பாசி நம்ம பக்கம் 2000-க்குப் பிறகு ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஒப்பந்த வளர்ப்பாகப் பரவியது. மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை, காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். இதெல்லாம் உங்களுக்கே அத்துபடி. வெயில் கொளுத்தும் மாசத்தில் பாசி அழுகும், காற்று தூக்கினால் மிதவை சிதறும். அந்த நஷ்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். நான் படித்த இரண்டு ஒப்பந்தங்களில் அந்த வரியே இல்லை.

குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப்பாறையில் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையைக் கேட்காமல் எந்தக் கம்பெனிப் பணத்திலும் அங்கே கை வைக்க முடியாது. காலில் தகடு கட்டிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் அக்காமார்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கெடுபிடி எல்லாம் முதலில் வந்து விழுவது அவர்கள் மேல்தான். முகக்கண்ணாடி, கையுறை, காய்ச்சல் நேரத்தில் ஒரு மருத்துவ முகாம் என்று அவர்களுக்காகக் கம்பெனியிடம் கேட்கலாம். சின்னத் தொகை என்பதால் யாரும் கேட்பதில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து: ஊர்க் கமிட்டி பேர்ல செக் வாங்க முடியுமா?

முடியாது. கம்பெனி நேரடியாகச் செலவழிக்கலாம், அல்லது பதிவான அமைப்பு வழியாக. 2021 ஏப்ரல் முதல் அந்த அமைப்பு கம்பெனி விவகாரத் துறையில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். பொதுவாக 12ஏ, 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும் வருமான வரித் துறையின் வரிவிலக்கு, நன்கொடைச் சலுகைப் பதிவுகளும் வேண்டும். கம்பெனி தானே தொடங்கிய அறக்கட்டளையாக இல்லாத பட்சத்தில் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கம் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது.

ஆனால் வாங்கிய பொருளைச் சொந்தமாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். திட்டத்தால் பயன்பெறும் சுய உதவிக் குழு, பொது அமைப்பு, ஊராட்சி போன்ற அரசு அமைப்பு இவற்றின் பேரில் சொத்து இருக்கலாம். செலவு செய்பவர் ஒருவர், சொத்துக்காரர் நீங்கள். ஐஸ் பெட்டி, கருவாடு காயப்போடும் சூரிய உலர்த்தி எல்லாம் குழுப் பேரில் எழுதி வாங்குங்கள். தொண்டு நிறுவனத்தின் பேரில் இருந்தால் அவர்கள் அலுவலகத்தைக் காலி செய்யும் அன்று பெட்டியும் வண்டியேறும்.

கீழக்கரையிலிருந்து: அண்ணே, ஃபுட்பால் டோர்னமெண்டுக்கு ஜெர்சி, கோப்பை? அப்படியே தர்கா கந்தூரி விழாவுக்கும்?

கந்தூரி, கோயில் கொடை, தேர்பவனி எதற்கும் இதில் இடமில்லை காக்கா. கம்பெனி பேரை ஜெர்சியில் போட்டு விளம்பரத்துக்காக ஒரு நாள் ஸ்பான்சர் செய்வதும் சேராது. பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி தந்தால் சேரும், எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று கம்பெனிகள் சட்டம் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் கிராமிய விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது.

தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கேட்க எளிய வழி உண்டா?

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைப் பாருங்கள். பள்ளியின் தேவையை அதன் இணையதளத்தில் பதிந்தால் கம்பெனிகள் அங்கிருந்தே தேர்ந்தெடுக்கும். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள் சார்: ஸ்மார்ட் கிளாஸ் கேட்பதற்கு முன்னால் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

ஊர் சொல்ல விரும்பாத ஒருவர்: எங்க பக்கத்து ஆலை மரம் நட்டு, சாலை போட்டு, 'எங்கள் சமூகப் பணி'ன்னு போர்டு வச்சிருக்கு. அது சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போதே ஒத்துக்கிட்ட வேலைன்னு சொல்றாங்க. ரெண்டையும் ஒண்ணா எழுதலாமா?

எழுதக் கூடாது. வேறு எந்தச் சட்டப்படியும் செய்தாக வேண்டிய கடமை சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. தன் ஊழியர்களுக்கு மட்டும் செய்வதும் ஆகாது. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் பொது ஆவணம், நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அதையும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருக்கும் சிஎஸ்ஆர் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தெந்தத் திட்டம் என்று கம்பெனி தன் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். மத்திய அரசின் சிஎஸ்ஆர் தளத்தில் மாவட்டவாரியாகவும் தேடலாம். உங்கள் ஊர்ப் பெயரில் நீங்கள் பார்க்காத கட்டடம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாம்பனிலிருந்து: பத்து பெர்சன்ட் கொடுத்தா ரெண்டு மாசத்துல வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் வர்றார்.

டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பெரியபட்டினத்திலிருந்து: எப்போ மனுக் கொடுக்கணும்? எத்தனை பக்கம்?

கம்பெனிக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டுக்கான செயல் திட்டத்தை இயக்குநர் குழு முடிவு செய்துவிட்டால் நடுவில் நுழைவது கஷ்டம். அதனால் பொங்கல் முடிந்த கையோடு கொடுங்கள். அப்போது இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிலரிடம் அந்த வருஷப் பணமே செலவாகாமல் மிச்சமிருக்கும். தொடர் திட்டத்தில் சேராத மிச்சத்தை ஆண்டு முடிந்து ஆறு மாசத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அரசு நிதியில் கட்டியாக வேண்டும் என்பதால், கொட்டேஷனோடு தயாராக வருகிறவரைத் தேடுவார்கள்.

இரண்டு பக்கம் போதும். எத்தனை குடும்பம், இப்போது என்ன செய்கிறார்கள், என்ன வேண்டும், மூன்று கொட்டேஷன், யார் பேரில் சொத்து, யார் பராமரிப்பார்கள். இடம் புறம்போக்கா பட்டாவா என்பதும், கடலுக்கு எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும். அலை ஓரத்தில் கட்டடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி கேட்பார்கள், அதிலேயே பாதித் திட்டங்கள் படுத்துவிடுகின்றன. தலைவர் படம், அடைமொழி எல்லாம் வேண்டாம்.

ஊராட்சித் தீர்மானத்தின் நகலில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷம் ஒரு ஊரின் மனு அதற்காக மட்டுமே இரண்டு தடவை திரும்பி வந்தது.