எப்பிங் காட்டில் ஓரியண்டீரிங்: கேட்டவர்களுக்குப் பதில்

மேப்பும் காம்பஸும் வைத்துக் காட்டில் வழி கண்டுபிடித்து ஓடும் போட்டிதான் ஓரியண்டீரிங். போன ஞாயிறு லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் ஓடிவிட்டு, சேறும் சிரிப்புமாக எடுத்த படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பன்னிரண்டு வருடமாக லண்டனைச் சுற்றியுள்ள காடுகளில் ஓடுகிறேன். பரிசு ஒன்றுகூட வாங்கியதில்லை. ஆனால் வழி தவறியதில் நல்ல அனுபவம் உண்டு.

அக்கா, இது மராத்தான் மாதிரியா, புதையல் வேட்டையா? (ஈஸ்ட் ஹாம்)

இரண்டும் கொஞ்சம். மேப்பில் ஊதா வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளியிலும் காட்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி, அதுதான் கன்ட்ரோல். வரிசை மாறாமல் எல்லாவற்றுக்கும் போய், விரலில் மாட்டிய டிப்பரை (சிறு மின்னணுக் குச்சி) அங்குள்ள பெட்டியில் செருகினால் பீப் என்று சத்தம் வரும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-இல் ஓஸ்லோ அருகே நடந்தது. 19.5 கி.மீ.க்கு மூன்றே கன்ட்ரோல்! இப்போது அவ்வளவு கொடுமை இல்லை.

மகனுக்கு 9 வயது. எந்த கோர்ஸில் விடலாம்? (இல்ஃபோர்ட்)

இங்கே கோர்ஸ்களுக்கு, அதாவது போட்டித் தடங்களுக்கு, நிறம்தான் பெயர். வெள்ளை, மஞ்சள் இரண்டும் பாதையை விட்டு விலகாதவை. அப்புறம் ஆரஞ்சு, இளம்பச்சை, பச்சை, நீலம், பழுப்பு என்று கடினமாகிக்கொண்டே போகும். மஞ்சளில் விடுங்கள். நீங்கள் பத்தடி பின்னால் போங்கள். மேப் அவன் கையில்தான் இருக்க வேண்டும். தப்பான பக்கம் திரும்பினாலும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். இது அவனைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

5 கி.மீ.யை 22 நிமிடத்தில் ஓடுவேன். 3 கி.மீ. ஆரஞ்சு கோர்ஸுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்னை முந்திவிட்டார். எங்கே தப்பு? (ஹாரோ)

முதலில், அந்த 3 கி.மீ. கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோட்டில் அளந்தது. நீங்கள் நாலரையாவது ஓடியிருப்பீர்கள்.

ஆனால் உண்மைக் காரணம், கால் ஓடுகிறது, மேப் நிற்கிறது. மேப்பைச் சிறிதாக மடித்து, இப்போது நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். நகர நகர விரலையும் நகர்த்துங்கள். நீங்கள் திரும்பினால் மேப்பையும் திருப்புங்கள். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முன்னால் இருப்பது மேப்பிலும் முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்தது, கொடியைத் தேடி ஓடாதீர்கள். கொடிக்குப் பக்கத்தில் தவறவே முடியாத ஓர் இடத்தைப் பிடியுங்கள். எப்பிங்கில் லௌட்டன் கேம்ப் என்ற இரும்புக் கால மண் அரண் இருக்கிறது. அதன் வடக்கே 80 மீட்டரில் ஒரு சின்னப் பள்ளத்தில் கொடி என்று வையுங்கள். அரண் வரை எவ்வளவு வேகமாகவும் ஓடலாம். அங்கிருந்து காம்பஸைப் பார்த்து நடை. எனக்கு 100 மீட்டருக்கு இடது கால் 62 முறை விழும். 80 என்றால் சுமார் 50, எண்ணிக்கொண்டே போவேன். பள்ளத்தைத் தாண்டினால் எது தடுக்கும், பாதையா, ஓடையா என்று முன்பே பார்த்துவைப்பேன். அதை எட்டிவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்தப் பெரியவர் செய்தது இதுதான். அவர் நிற்கவே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று: எப்பிங்கில் இலையுதிர் காலத்தில் பீச் (beech) மரச் சருகு பாதைகளை மூடிவிடும். மேப்பில் இல்லாத சைக்கிள் தடங்களும் ஏராளம். அங்கே பாதையைவிட மேடு பள்ளத்தை நம்புங்கள்.

காம்பஸில் காந்த வடக்கு, உண்மை வடக்கு என்று கணக்குப் போட வேண்டுமா? (க்ராய்டன்)

வேண்டாம். இந்த மேப்கள் காந்த வடக்குக்கே, அதாவது காம்பஸ் முள் காட்டும் வடக்குக்கே, வரையப்பட்டவை. முள்ளின் சிவப்பு முனையை மேப்பில் உள்ள வடக்குக் கோட்டோடு ஒட்டினால் போதும். ஆனால் சிவப்பு முனையைத்தான்! ஒருமுறை பதற்றத்தில் வெள்ளை முனையை ஒட்டி, நேர் எதிர்த்திசையில் அரை கிலோமீட்டர் ஓடினேன். கார் சத்தம் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. அதே நாளில் வேறு யாருடைய கோர்ஸுக்கோ வைத்த கொடியில் டிப் செய்து தகுதியும் இழந்தேன். கொடியில் உள்ள எண்ணை, உங்கள் கோர்ஸின் கன்ட்ரோல் எண்கள் உள்ள தாளோடு ஒப்பிடாமல் டிப் செய்யாதீர்கள்.

மேப்பில் வெள்ளையாக இருப்பது வெட்டவெளியா? (வெம்ப்ளி)

எல்லோரும் ஏமாறும் இடம். வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு. மஞ்சள்தான் வெட்டவெளி. பச்சை அடர அடரப் புதர். கரும்பச்சையில் நுழைந்தால் ஹாலி என்ற செடியின் முள் சட்டையை விடாது.

போனில் கூகுள் மேப் பார்த்துக்கொள்ளலாமா? (ஹேய்ஸ்)

கூடாது. ஆபத்துக்கு மட்டும் பையில் இருக்கட்டும்.

தனியாக வருகிறேன். நிஜமாகவே தொலைந்துவிட்டால்? (வால்தம்ஸ்டோ)

நின்று, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அடிபட்டு நகர முடியாவிட்டால் விசில்: ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு. பாதியில் கைவிட்டாலும் முடிவிடத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் இருட்டும் வரை உங்களைத் தேடுவார்கள்.

முழுக்கால் பேன்ட் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு மடிப்பு எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதிலிருந்துதான் வருகிறது. ஒட்டியிருந்தால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள்.