அடுப்பு மூட்டாத இனிப்புகள்: யாருக்கு எது ஆகும், எது ஆகாது

சேலம் அம்மாபேட்டையில் 19 ஆண்டுகளாக வீட்டு விசேஷங்களுக்கு இனிப்பு செய்து கொடுக்கிறேன். முன்பெல்லாம் எத்தனை கிலோ என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது யார் யார் சாப்பிடுவார்கள் என்றும் கேட்கிறேன். வேகவைக்காமல், சுடாமல் செய்யும் இனிப்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டத்துக்குள் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம் அக்கா. அடுத்த வாரம் வருகிறவர்களில் ஒருவர் பால், நெய்கூடத் தொடாத வீகன், ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்குச் சர்க்கரை நோய். மூவருக்கும் பொதுவாக ஓர் இனிப்பு உண்டா?

உண்டு. ஆனால் அதற்கு முன் அந்தக் கோதுமை விருந்தினரை அழைத்துப் பேசுங்கள். சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புசமாக இருக்கிறது என்கிறவர் வேறு, சீலியாக் நோய் உள்ளவர் வேறு. இரண்டாமவருக்குச் சிறு துகள் கோதுமை மாவு போனாலும் குடலின் உட்சுவர் பாதிக்கப்படும். இது தெரியாமல் பாத்திரத்தையே எடுக்கக் கூடாது.

பொட்டுக்கடலை 200 கிராம் எடுங்கள். முழுதாக வாங்கி வீட்டில் அரையுங்கள். மில்லில் உங்களுக்கு முன் யார் கோதுமை அரைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கொப்பரைத் துருவல் 50 கிராம், ஏலக்காய் நான்கு, பொடித்த நாட்டுச் சர்க்கரை 100 கிராம். நெய்க்குப் பதிலாகச் செக்குத் தேங்காய் எண்ணெய் ஐந்தாறு மேசைக்கரண்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம் வரும்வரை. பச்சைத் தேங்காய் வேண்டாம், அன்றைக்கே புளித்துவிடும். உங்கள் தோட்டத்து மிளகு இருந்தால் ஒரு சிட்டிகை சேருங்கள். கடலை மாவின் வறட்டுத்தன்மை போய், தொண்டையில் இதமான காரம் நிற்கும்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு, நாட்டுச் சர்க்கரையைக் கலப்பதற்கு முன்பே கொஞ்சம் மாவைத் தனியே எடுத்து, கொப்பரையைக் கூட்டிப் பிடியுங்கள். கொப்பரையின் இயல்பான இனிப்பே போதும். நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு உருண்டை. கடலையிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் அளவு முக்கியம்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும். ஏற்காட்டுக் குளிரில் உருண்டை கல் போல அழகாக நிற்கும். அதையே சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறக்கினால், கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் டப்பாவில் எண்ணெய் பிரிந்து மாவாகக் கிடக்கும். கீழே கொண்டுவருவதாக இருந்தால் எண்ணெயைக் குறைத்து, விதை நீக்கிப் பிசைந்த பேரீச்சம்பழத்தால் பிடியுங்கள். அது சர்க்கரை நோய் உள்ளவருக்கு அல்ல.

மிக்ஸி ஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீர் விசேஷத்துக்கு இதே உருண்டையைச் செய்தேன். முந்திரி அரைத்த ஜாரைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு அதிலேயே கடலையை அரைத்தேன். முந்திரி ஆகாத ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள். தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்று தனி ஜார், தனிக் கரண்டி, தனிச் சல்லடை வைத்திருக்கிறேன். பிளேடுக்கு அடியிலும் ரப்பர் வளையத்திலும் மாவு ஒளிந்திருக்கும், எத்தனை கழுவினாலும்.

சூரமங்கலம்: முந்திரி ஆகாதவருக்கு நிலக்கடலை போடலாமா?

நிலக்கடலை பயறு வகை, முந்திரி மரத்தில் காய்க்கும் கொட்டை வகை. ஆனால் இரண்டுமே ஆகாதவர்கள் இருக்கிறார்கள். ஊகித்துப் போடாதீர்கள், அவரையே கேளுங்கள். முந்திரி ஆகாதவருக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. ஜாரைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

அஸ்தம்பட்டி: பேரனுக்கு எட்டு மாதம். தினை மாவில் தேன் கலந்து நாக்கில் தடவலாமா அம்மா?

கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. அதிலுள்ள நுண்கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். மலைத் தேன், கொம்புத் தேன், எந்தத் தேனானாலும் இதுதான்.

ஆத்தூர்: எங்கள் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

எனக்கும் அதில் பெருமைதான் தம்பி. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதமும் அதில் இல்லை. ஆனால் ஊறவைத்தாலும் நடுவில் பச்சை மாவு நிற்கும், வேகவைத்தே ஆக வேண்டும். தவிர, அது மரவள்ளிக்கிழங்கு மாவு. முழுக்க மாவுச்சத்து என்பதால் சர்க்கரையை விரைவாக ஏற்றும். கிழங்கு தவிர்க்கும் ஜைன விருந்தினருக்குக் கேட்காமல் கொடுக்கவும் வேண்டாம்.

ஓமலூர்: சர்க்கரை நோய் உள்ளவருக்கு நாட்டுச் சர்க்கரை கூடாது என்கிறீர்கள். மூன்று தலைமுறையாக வெல்லம் காய்ச்சுகிறோம். என் தாத்தா தினமும் வெல்லம் தின்று 90 வயது வாழ்ந்தார். வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்?

உங்கள் தாத்தா வயலில் உழைத்தவர், அவருக்கு நோயும் இல்லை. நம் விருந்தாளிக்கு நோய் இருக்கிறது. 100 கிராம் வெல்லத்தில் 80 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரைதான். இரும்புச்சத்தும் தாதுக்களும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் ஏறும்போது அது ஆலையில் வெளுத்ததா, கொப்பரையில் காய்ச்சியதா என்று உடம்பு பார்ப்பதில்லை.

மீண்டும் ஓமலூர்: அப்படியானால் எங்கள் தொழிலையே குறை சொல்கிறீர்களா?

இல்லை ஐயா. கலப்படமில்லாத வெல்லத்தின் மணம் வேறு எதிலும் வராது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நான் தேடி வாங்குவது கறுத்த வெல்லத்தைத்தான். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தைத் தொட மாட்டேன். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனத்தைப் போடுகிறார்கள். அது விட்டுச்செல்லும் சல்பைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். கறுப்பாக இருக்கிறது என்று நல்ல வெல்லத்தை விலை குறைத்துக் கேட்பவர்கள்தான் உங்கள் தொழிலைக் கெடுக்கிறார்கள். என் சண்டை அவர்களோடு. நோய் இல்லாதவருக்கு உங்கள் வெல்லத்தைத் தாராளமாகப் போடுகிறேன்.

தாரமங்கலம்: ஓமலூர்க்காரர் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு வெல்லக் காபிதான் குடிக்கிறோம்.

குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள் அம்மா. என்னை நம்ப வேண்டாம், அந்த எண்ணை நம்புங்கள்.

மேட்டூர்: கருப்பட்டி? எடப்பாடி: தேன்? வாழப்பாடி: பேரீச்சம்பழம் இயற்கைதானே?

மூவருக்கும் ஒரே பதில்: சர்க்கரைதான். ஒரு சாதாரணப் பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ 5 கிராம் உண்டு. உருண்டைக்கு இரண்டு பழம் போட்டால் நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

சங்ககிரி: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பேரீச்சை உருண்டை தரலாமா?

பேரீச்சை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கிற மருத்துவரையே கேளுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ்: வீகன் விருந்தினருக்கு ஜெல்லி?

கடையில் விற்கும் ஜெல்லியில் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது விலங்கின் தோலும் எலும்பும். கடற்பாசி வாங்குங்கள். அதைக் கொதிநீரில் கரைக்க மட்டும் அடுப்பு வேண்டும். தேங்காய்ப் பாலை வெதுவெதுப்பாகச் சேருங்கள். குளிர்ந்ததைச் சேர்த்தால் திட்டுத் திட்டாக உறைந்துவிடும்.

கோட்டை: என் மருமகளுக்குச் சீலியாக் நோய். ஆடியில் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடும்போது அவள் மட்டும் பிரசாதம் வாங்காமல் தள்ளி நிற்கிறாள். அவளுக்கு ஆகவே ஆகாதா?

ஏன் ஆகாது? ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசி, வெல்லம், ஏலக்காய். இதில் கோதுமை எங்கே இருக்கிறது? மாவை மில்லுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே இடியுங்கள், அல்லது கோதுமை படாத ஜாரில் அரையுங்கள். பச்சை மாவு என்பதால் அன்றே செய்து அன்றே தீர்த்துவிடுங்கள். கோயிலில் மற்றவர்களின் தட்டு மாவோடு கலக்கவிடாதீர்கள். திரி மலையேறியதும் உங்கள் தட்டிலிருந்து முதல் பிடியை அந்தப் பெண்ணுக்கு எடுத்துக் கொடுங்கள்.