அரசு ஆய்வுக் கப்பலில் தளப் பணியாளராகச் சேர்பவர் எதை எதிர்பார்க்க வேண்டும்?

ஆய்வுக் கப்பல் என்றதும் அறிவியல் பணியே மிகுதியாக இருக்கும் என்று புதியவர்கள் எண்ணினாலும், தொடக்க மாதங்களில் துருவைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் கயிறுகளைப் பேணுவதும் முறைவைத்துக் காவல் நிற்பதுமே நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மற்றக் கப்பல்களிலிருந்து வேறுபாடு தெரிவது, கப்பல் ஆய்விடத்தில் நிற்கும்போதுதான். கடல்நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அறிய உதவும் சிடிடி கருவியை நீர்மாதிரிக் குடுவைகளுடன் வின்ச் எனப்படும் வடம் சுற்றும் பொறியின் வடத்தில் இறக்குகையில், கப்பலின் ஆட்டத்தால் அது பக்கச்சுவரில் மோதாதபடி கயிறுகளைப் பிடித்து நிலைப்படுத்துவது உங்கள் பொறுப்பாகும். விறைப்பாக இருக்கும் வடத்தின் நேர்கோட்டில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். ஆய்வு நள்ளிரவிலும் நடக்கும் என்றாலும், பன்னாட்டு விதிகள் பொதுவாக 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வைக் கோருகின்றன. கடல்நோய் பெரும்பாலோருக்குச் சில நாள்களில் தணிந்துவிடும். அனுபவசாலிகளுக்கும் அது வரும்.