கேமரா கம்பெனிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? – கேள்வி பதில்

நாகர்கோவிலில் கேமரா விற்பனையும் ரிப்பேரும் பார்த்துவருகிறேன். மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (தக்கலை, ஸ்டுடியோ வைத்திருப்பவர்): அண்ணாச்சி, கேமரா மார்க்கெட்டே படுத்துவிட்டது என்கிறார்கள். பெரிய கம்பெனிகள் மூடிவிட்டால் நாம் வாங்கி வைத்த பாடி (லென்ஸ் சேராத கேமரா), லென்ஸ் எல்லாம் என்ன ஆகும்?

பதில்: படுத்தது உண்மை. எது படுத்தது என்று பார்க்க வேண்டும். ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2024-இல் சுமார் 85 லட்சம். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த 12 கோடியில் கிட்டத்தட்ட 11 கோடி, லென்ஸ் கழற்ற முடியாத குட்டி கேமராக்கள். ஊட்டி டூருக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் வாங்கியவை. அந்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது, இனி திரும்பாது. லென்ஸ் மாற்றும் கேமராவும் அடி வாங்கியதுதான்: 2012-இல் 2 கோடி, 2024-இல் சுமார் 66 லட்சம். அப்புறம் பணக்கணக்கு. 2010-ஐ வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை பதினான்கில் ஒன்றாகிவிட்டது. யென்னில் வந்த தொகையோ ஏறக்குறைய பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. குறைவாக விற்று, விலை கூடிய சரக்காக விற்று நிற்கிறார்கள். பயந்துபோய் பாடியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம், கல்யாணப் போட்டோகிராபர்): வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையத்தானே வேண்டும்? ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்றாலே லட்சத்தில் பேசுகிறார்களே?

பதில்: இதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஃபுல் ஃபிரேம் என்றால், ஒளியைப் படமாக்கும் சென்சார் பழைய ஃபிலிம் படத்தின் அளவுக்குப் பெரிதாக இருப்பது. மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாதது. கண்ணாடி வைத்த பழைய ரகமான ஒரு டிஎஸ்எல்ஆரைத் திறந்து பாருங்கள். லென்ஸ் வாய்க்கு நேர் உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி. அதன் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒளியில் ஒரு பங்கை அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடும். மேலே பிரிஸம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் இந்தக் கண்ணாடிகள் மடங்கி எழும்பி, அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் ஃபோகஸ் மாப்பிள்ளையின் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். அதனால் தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் நுணுக்கமாக ஒத்துப்பார்த்துத்தான் அனுப்பினார்கள். மிரர்லெஸ்ஸில் இந்தச் சங்கதியே கிடையாது. நிக்கான் 2021-இல் கொண்டுவந்த இசட்9-இல், ஒளியை விட்டு மூடும் கதவான மெக்கானிக்கல் ஷட்டரையும் எடுத்துவிட்டது.

சாமான் குறைந்தும் விலை ஏன் ஏறியது? செலவு முழுக்க சென்சாருக்கும் பிராசசருக்கும், கண்ணைத் தேடிப் பிடிக்கும் மென்பொருளுக்கும் போய்விட்டது. அதை உருவாக்க ஆகும் பணம் பத்தாயிரம் கேமரா விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் ஒன்றுதான். விற்பனை குறையக் குறைய ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் கூடுதலாக ஏறும். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்? போன் வந்தபிறகு காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் கூப்பிட ஆளில்லை. கல்யாணத்துக்கு ட்ரோன், கேண்டிட், ஆல்பம் என்று பேக்கேஜ் போட்டு ஈடுகட்டுகிறீர்கள்.

இன்னொரு பக்கம் சிக்கனம். நிக்கான் 2021-இல் ஜப்பானில் செண்டாய் தொழிற்சாலையில் பாடி தயாரிப்பதை நிறுத்தித் தாய்லாந்துக்குக் கொண்டுபோனது. முப்பதாயிரத்துக்கு இரண்டு லென்ஸோடு பெட்டி கொடுத்த காலம் முடிந்தது.

ஆனால் பாடியைவிட லென்ஸில்தான் விளையாட்டு. மவுண்ட் என்பது லென்ஸைப் பாடியில் பூட்டும் வாய். 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கென்று கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட் என்று புது மவுண்ட் போட்டார்கள். புது மவுண்ட் என்றால் பழைய வாடிக்கையாளரும் ஒவ்வொரு லென்ஸாகத் திரும்ப வாங்குவார். கேனான் அந்த வாசலைப் பல வருடம் பூட்டியே வைத்திருந்தது. சிக்மா, டாம்ரான் போன்ற வெளிக் கம்பெனி லென்ஸ்களை 2024-இல்தான் உள்ளே விட்டது, அதுவும் சின்ன சென்சார் பாடிகளுக்கான லென்ஸோடு. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. ஆகவே பாடியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த மவுண்டில் மூன்று லென்ஸ் என்ன விலை என்று கூட்டிப் பாருங்கள்.

கேள்வி (குளச்சல்): கேனான் 5டி மார்க் 4-ம் நாலைந்து இஎஃப் லென்ஸும் இருக்கின்றன. இப்போதே மாறிவிடலாமா?

பதில்: படம் சரியாக வருகிறது, வேலையும் வருகிறது என்றால் அவசரம் இல்லை. உச்ச வரிசை டிஎஸ்எல்ஆர்களான கேனானின் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 இரண்டும் 2020-இல் வந்தன. அதற்குப் பிறகு அந்த வரிசையில் புது டிஎஸ்எல்ஆர் இல்லை, வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மாறும்போது பாடியை மட்டும் மாற்றுங்கள். இடையில் மாட்டும் கேனானின் சொந்த அடாப்டர் வளையத்தில், டிஎஸ்எல்ஆருக்கான உங்கள் இஎஃப் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு நன்றாக ஓடும்.

கேள்வி (கன்னியாகுமரி): முக்கடல் சங்கமத்தில் சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். எல்லோர் கையிலும் போன். ஆனால் காலேஜ் பிள்ளைகள் சிலர் பழைய குட்டி கேமராவோடு வருகிறார்கள். இது நிலைக்குமா அண்ணே?

பதில்: மோகம்தான், ஆனால் கம்பெனிகள் அதைக் காசாக்கிவிட்டன. 2019-இல் வந்த கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3-க்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. ஃபியூஜியின் எக்ஸ்100-6 2024-இல் வந்தபோது பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். குட்டி கேமரா விற்பனை அந்த வருடம் கொஞ்சம் ஏறியது. பழைய உயரத்துக்கு இது தூசு.

உங்களுக்கு உதவுவது, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ் கேமரா. 1998-இல் வந்த சரக்கு, இன்றும் அந்தக் கம்பெனிக்கு நல்ல வரும்படி. கேமரா மலிவு, ஃபிலிம் பாக்கெட்டில்தான் அவர்களுக்கு லாபம். கையில் கிடைக்கிற படத்துக்குப் போன் போட்டியில்லை. அப்புறம், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஒரு டெலி லென்ஸ். போனில் சூரியன் வெள்ளைப் பொட்டாக விழும். வள்ளுவர் சிலையோடு அதைப் பெரிதாகச் சேர்த்து எடுத்துக் காட்டினால் காசு கொடுப்பார்கள்.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவர்): கோடாக் டிஜிட்டலை அலட்சியம் செய்து அழிந்தது, ஃபியூஜி பிழைத்தது என்று வகுப்பில் சொன்னார்கள். அவ்வளவுதானா சார்?

பதில்: பாதிதான் சரி, மக்கா. 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவரே கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன். 2005 வாக்கில் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக்தான் முன்னணி. கேமரா விற்றார்கள், லாபம் வரவில்லை. ஃபிலிமில் ஒவ்வொரு சுருளுக்கும், கழுவுவதற்கும், பேப்பருக்கும் வந்த வருமானத்துக்கு டிஜிட்டலில் ஈடே இல்லை. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள்.

ஃபியூஜி கேமராவை நம்பியா பிழைத்தது? ஃபிலிம் செய்யக் கற்ற ரசாயனத்தை வேறு இடங்களில் இறக்கியது: எல்சிடி திரைக்கான மெல்லிய படலம், மருத்துவக் கருவிகள், 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்று முகப்பூச்சுகூட. ஃபிலிமின் மூலப்பொருள் ஜெலட்டின், அதாவது கொலாஜன், தோலிலும் அதுதான். கேனானுக்குப் பிரின்டரும் ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவிகளும், நிக்கானுக்குச் சிப் தயாரிக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. கேமரா நொடித்த வருடத்தில் வேறு பிரிவு சோறு போடுகிறது.

நம் ஊட்டியில் 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸுக்கு அப்படி ஒரு இரண்டாவது வழி அமையவில்லை. வகுப்பில் அதையும் பாடமாக நடத்தலாம்.

கேள்வி (தேரூர், பறவை ஆர்வலர்): என்னுடையது ஒலிம்பஸ். கம்பெனி விட்டுவிட்டதாமே?

பதில்: கேமராப் பிரிவை விற்றார்கள். 2021 முதல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் அதே மவுண்ட் ஓடுகிறது. குளத்தங்கரையில் நடந்து எடுப்பவருக்கு அந்த எடை குறைந்த லென்ஸ்கள் வரம். விற்காதீர்கள்.

கேள்வி (திங்கள்நகர்): போனில் லைகா, சைஸ் என்று எழுதியிருக்கிறதே, அது நிஜமா?

பதில்: லைகா, சைஸ் (Zeiss) இரண்டும் பேர்பெற்ற ஜெர்மன் லென்ஸ் கம்பெனிகள். போன் கம்பெனிகளோடு கூட்டணி நிஜம். லென்ஸ் வடிவமைப்பிலும் நிறத்திலும் அவர்கள் கை உண்டு. அதற்காக அது லைகா கேமரா ஆகிவிடாது. அவர்களுக்கு அது பெயரை வைத்து வரும் வருமானம். இதில் கெட்டிக்காரர் சோனி. போனிடம் கேமராவில் தோற்ற இடத்தில், ஐபோன் உட்படப் பல போன்களுக்கும் சென்சார் விற்றுச் சம்பாதிக்கிறது. நிக்கானுக்கும் சென்சார் கொடுக்கிறது.

கேள்வி (முட்டம்): செகண்ட் ஹேண்டில் பழைய பாடி வாங்கலாமா? நம் பக்கம் உப்புக்காற்று வேறு.

பதில்: தயாரிப்பு நின்ற மாடலுக்குக் கம்பெனி சில வருடம்தான் ஸ்பேர் வைக்கும். ஆட்களையும் குறைத்துவிட்டதால் இப்போது பார்ட்ஸ் வர முன்பைவிடத் தாமதமாகிறது. வாங்குமுன் ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். பிளாஷ் மாட்டும் இடத்தில் உலோகப் புள்ளிகள் பச்சை பூத்திருந்தால், அது கடற்கரையில் உழைத்த கேமரா. விலை எவ்வளவு குறைவானாலும் விடுங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால், ஃபங்கஸ் (பூஞ்சை) இருந்தால் இழை இழையாகத் தெரியும். நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.