அத்தைகிட்ட பொய் சொல்லிட்டு மைசூர் போகணுமா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு சேலம் குகை. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், ஏழு வயசுல ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்கார், அத்தை எங்களோட தான் இருக்காங்க. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும்னு எங்கயும் போனதே இல்ல. இந்த மார்கழியில ரெண்டு நாள் மைசூர் போய்ட்டு வரலாம்னு அவரே வாயெடுத்தார், எனக்கு நம்பவே முடியல. ஆனா அத்தைகிட்ட லேசா பேச்சு கொடுத்தப்ப "மார்கழியில யாராவது ஊர் சுத்துவாங்களா, இங்க பக்கத்துலயே ஏற்காடு இருக்கு, எல்லாரும் ஒருநாள் போய்ட்டு வந்தா ஆச்சு" ன்னுட்டாங்க. அதுக்கு இவர், பெங்களூர்ல ஒரு வியாபாரி வீட்டு விசேஷம், ரெண்டு பேரும் வந்தே ஆகணும்னு கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்லிடலாம்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. பாப்பாவை விட்டுட்டுப் போறது சுயநலமோன்னும் இருக்கு. இதுல அவர் போட்டு வச்சிருக்கிற லிஸ்ட்ல கூர்க்கோட சேர்த்து எட்டு இடம் இருக்கு. என்ன பண்றது அக்கா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தங்கச்சி, முதல்ல போங்க. கண்டிப்பா போங்க. ஒன்பது வருஷத்துல முதல் தடவையா உங்க வீட்டுக்காரரே வாயெடுத்துக் கேட்டிருக்கார், இதைத் தள்ளிப் போட்டா தை பொறந்துடும், கல்யாண சீசன்ல பட்டறையை விட்டு அவரால அசைய முடியாது, அப்புறம் பாப்பாவோட பரீட்சை, அப்புறம் வெயில், அப்படியே அடுத்த மார்கழி வந்துடும்.

ஆனா பொய் சொல்லிட்டுப் போகாதீங்க. இது தர்ம நியாயம் பேசறதுக்காக சொல்லல, நீங்க போறதே ரெண்டு நாள், அந்த ரெண்டு நாளும் கெட்டுப் போயிடும்னு தான் சொல்றேன். போன் அடிக்கிறப்பல்லாம் பக்கத்துல யாராவது மைசூர்னு கத்திடுவாங்களா, எங்க இருக்கோம்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஒரு போட்டோ எடுத்தாலும் அதை ஒளிச்சு வைக்கணும். ஏழு வயசுப் பொண்ணு கையில உங்க போன் போகாம எத்தனை நாள் காப்பாத்துவீங்க? அவ அரண்மனை போட்டோவைக் கொண்டு போய் "பாட்டி இங்க பாரு" ன்னு காட்டற அன்னைக்கு உங்க அத்தைக்கு வலிக்கப் போறது நீங்க மைசூர் போனது இல்ல, சொல்லாம போனது.

சொல்ல வேண்டியது யாருன்னா, அவங்க பையன். நீங்க இல்ல. இதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க. இதே விஷயம் உங்க வாயால வந்தா "மருமக இழுத்துட்டுப் போறா" ன்னு ஆகும், அவர் வாயால வந்தா "என் பையன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறான்" னு ஆகும், ரெண்டும் ஒரே மைசூர் தான், ஆனா வீட்டுல கிடைக்கிற பேர் வேற. சொந்தக்காரங்க யாரும் இல்லாத ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடிச்சு அவங்க வெத்தலைப் பெட்டியோ டிவி ரிமோட்டோ எடுக்கறதுக்கு முந்தி, பக்கத்துல உக்காந்து "அம்மா, நாங்க ரெண்டு பேரும் மைசூர் போய்ட்டு வரோம், பாப்பாவை நீங்க தான் பாத்துக்கணும்" னு சொல்லட்டும். போகலாமான்னு கேக்க வேண்டாம், கேட்டா வேண்டாம்னு சொல்ல வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு வந்துடும். சொல்லிட்டு, உங்களுக்கு என்னம்மா சிரமமா இருக்கும்னு கேக்கட்டும். பெரும்பாலும் மார்கழி ஒரு சாக்கு தான் தங்கச்சி. மார்கழியில கல்யாணம் காதுகுத்து வைக்க மாட்டோம், அவ்வளவு தான், ஊருக்குப் போகக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சபரிமலைக்கு ஊரே இந்த மாசத்துல தானே போகுது. ராத்திரி குழந்தையை வச்சுக்கிட்டு தனியா இருக்கணுமேங்கிற பயம் உள்ளுக்குள்ள இருக்கும், முட்டி வலி இருக்கும், அதை வெளிய சொல்ல கூச்சமா இருக்கும். நீங்க இல்லாத ராத்திரிகளுக்கு நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து படுத்துக்க முடியுமான்னு முன்னாடியே பேசி வச்சுடுங்க.

இன்னொன்னு. நம்ம சேலம் பக்கத்துல அந்தத் தலைமுறைப் பொம்பளைங்களுக்கு டூர்னா ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போறது தான், அதுவும் கட்டுச்சோத்து மூட்டையோட பத்து பேர் கூட. புருஷனோட தனியா ஒரு ஊருக்குப் போறதுன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாம வாழ்க்கை ஓடியிருக்கும். உங்க அத்தை ஏற்காடுன்னு சொன்னதுல "எல்லாரும்" னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, எனக்கு என்னமோ அது தான் கண்ணுல படுது. அவங்களுக்கும் ஆசை இருக்கு. அதனால மைசூர் போய்ட்டு வந்த அடுத்த வாரமே ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களையும் பாப்பாவையும் ஏற்காடு கூட்டிட்டுப் போங்க. காப்பிப் பழம் செவப்பா பழுத்துப் பறிக்கிற நேரம் அது, சேர்வராயன் கோயில்ல சாமி கும்பிடலாம், லேடீஸ் சீட்ல நின்னு பாப்பாவுக்கு நம்ம ஊரைக் காட்டலாம். மைசூர்க்குப் பதிலா ஏற்காடுன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. நம்மூர்க்காரங்களுக்கு ஏற்காடு வீட்டு மொட்டை மாடி மாதிரி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினா பட்டறை. "கேஸ் தீர்ந்துடுச்சு" ன்னு ஒரு போன் வந்தா அவர் வண்டியைத் திருப்பிடுவார்.

பாப்பாவை விட்டுட்டுப் போறது சுயநலமான்னு கேட்டிருக்கீங்க. இல்ல. அவ பாட்டியோட இருக்கப் போறா, தெரியாத இடத்துல இல்ல. அவகிட்டயும் மறைக்காதீங்க, எத்தனை நாள், எப்ப வருவோம்னு காலண்டர்ல காட்டிச் சொல்லிட்டுப் போங்க.

எப்ப போறதுங்கிறதுல ஒரு விஷயம் கவனிங்க. எல்லாரும் அரையாண்டு லீவுல கிளம்புவாங்க, கிறிஸ்துமஸ்லேர்ந்து புதுவருஷம் வரைக்கும் மைசூர்ல கால் வைக்க இடம் இருக்காது, ரூம் வாடகையும் ஏறிடும். நீங்க குழந்தையைக் கூட்டிட்டுப் போகலையே, எதுக்கு லீவுல போகணும்? புதுவருஷக் கூட்டம் வடிஞ்சு ஸ்கூல் தொறந்த அப்புறம், பொங்கலுக்கு முந்தி வர்ற ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளம்பிடுங்க. பட்டறைக்கு ஞாயிறு எப்படியும் லீவு, நீங்க சொன்ன ரெண்டு நாளோட ஒருநாள் கூட்டிக்கிட்டாலும் திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் தான் நஷ்டம். பாப்பாவும் அந்த ரெண்டு நாளும் ஸ்கூலுக்குப் போயிடுவா, அத்தைக்கு நாள் பூரா அவ பின்னாடி ஓடற வேலை இல்ல.

தூத்துக்குடியிலேர்ந்தும் மயிலாடுதுறைப் பக்கத்துலேர்ந்தும் மைசூர் போற ரயில் ராத்திரியில நம்ம ஜங்ஷன் வழியா தர்மபுரி, ஓசூர், பெங்களூர்னு போகுது, தூங்கி எழுந்தா மைசூர். இப்பல்லாம் 60 நாளுக்கு முன்னாடி தான் ரிசர்வேஷன் தொறக்கும், அன்னைக்கே போட்டுடுங்க. ரயில் சேலத்துக்கு வர்ற நேரம் ராத்திரி 12 தாண்டியிருந்தா டிக்கெட்டுல மறுநாள் தேதி போடணும், சனிக்கிழமை ராத்திரி கிளம்பறோம்னு நினைச்சு சனிக்கிழமை தேதி போட்டா ரயில் முந்தின ராத்திரியே போயிருக்கும், இதுல ஏமாந்தவங்க நிறைய பேர். அவர் பைக்ல போலாம்னு ஆரம்பிச்சா வேண்டாம்னு சொல்லிடுங்க. மேட்டூர், கொளத்தூர், மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால்னு அழகான ரோடு தான், நான் இல்லேங்கல, ஆனா மார்கழிப் பனியில மலை ரோட்டுல ஓட்டிட்டுப் போய் இறங்கினா அன்னைக்கு பூரா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு படுத்துடுவார்.

இப்ப அந்த எட்டு இட லிஸ்ட். அதைக் கிழிச்சுப் போடுங்க, நான் அனுபவத்துல சொல்றேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல நாங்களும் ஒரு டூர் வேன்ல மைசூர் போனோம். ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம், டிரைவர் ஹாரன் அடிப்பார், ஓடி வந்து ஏறணும். எல்லாத்தையும் பாத்தோம், ஒண்ணும் மனசுல நிக்கல, அவரோட நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினதா ஞாபகம் இல்ல. திரும்பி வர்ற வழியில வேன் பஞ்சர் ஆகி ஒரு டீக்கடை வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னோம். குளிர்ல என் கை நடுங்கறதைப் பாத்துட்டு அவரோட டீ கிளாசையும் என் கையில கொடுத்து "ரெண்டையும் பிடிச்சுக்கோ, சூடா இருக்கும்" னார். அந்த மூணு நாள்ல எனக்கு இன்னைக்கும் அப்படியே கண்ணுல நிக்கிறது அது ஒண்ணு தான். அப்புறம் வயசான காலத்துல திரும்பப் போனப்ப தான் மைசூரை ஒழுங்கா பாத்தோம்.

அதனால கூர்க் வேண்டாம், அது மைசூர்லேர்ந்து இன்னும் 120 கிலோமீட்டர், தனியா ஒரு தடவை போக வேண்டிய ஊர். ஞாயித்துக்கிழமை போய் இறங்கி, குளிச்சு, நல்லாத் தூங்குங்க. மத்தியானத்துக்கு மேல தேவராஜ மார்க்கெட் போங்க. குங்குமமும் கலர் பொடியும் கோபுரம் கோபுரமா குவிச்சு வச்சிருப்பாங்க, மைசூர் மல்லி வாசனை தெருவுக்கே வரும், பூக்காரங்க நம்மள மாதிரியே கையால தான் அளப்பாங்க, முழத்தை மொளன்னு சொல்வாங்க. அங்க அவரையே பூ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க, நீங்க வாங்காதீங்க. ராத்திரி ஏழு மணிக்கு அரண்மனை முன்னாடி நிக்கணும், ஞாயித்துக்கிழமையும் அரசு லீவு நாள்லயும் அந்த நேரத்துக்கு முழு விளக்கும் போடுவாங்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. ஒரே நொடியில மொத்தமும் எரியும், அந்த நொடியை போன்ல பிடிக்காம கண்ணால பாருங்க. பழைய மர அரண்மனை 1897ல எரிஞ்சு போய், அப்புறம் கட்டி 1912ல முடிச்சது இது. உள்ள போய்ப் பாக்கறதை ஞாயிறு கூட்டத்துல வச்சுக்காம திங்கட்கிழமை காலைல வச்சுக்கோங்க.

திங்கட்கிழமை விடியறப்பவே முடிஞ்சா சாமுண்டி மலைக்குப் படி வழியா ஏறுங்க, ஆயிரத்துக்கு மேல படி, நடுவுல ஒரே கல்லுல செதுக்கின பெரிய நந்தி, அங்க உக்காந்து மூச்சு வாங்கிக்கலாம். ராத்திரியும் காலைலயும் 16 டிகிரி பக்கம் வந்துடும், நம்மூரை விட குளிர் தான், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. அம்மன் குங்குமம் அத்தைக்குன்னு தனியா ஒரு பொட்டலம் வாங்கி வைங்க.

கே.ஆர்.எஸ் டேம்கிட்ட இருக்கிற பிருந்தாவனம் பூங்காவை நான் லிஸ்ட்லேர்ந்து வெட்டிட்டேன். நம்மூர்ல பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் கே.ஆர்.எஸ் முழு நீர்மட்டம் 124.8 அடி, மேட்டூர் 120 அடின்னு மனப்பாடம், அந்த டேமைப் பாக்கணும்னு ஆசை இருக்கும் தான், ஆனா சாயங்காலம் ஆனா அங்க கூட்டம் மூச்சு முட்டும். அதுக்குப் பதிலா உங்க வீட்டுக்காரருக்குன்னே ஒரு இடம் சொல்றேன், அவர் லிஸ்ட்ல இது இருந்திருக்காது. மைசூர்லேர்ந்து ஒரு மணி நேரத்துல சோமநாதபுரம் கேசவர் கோயில். 13ம் நூற்றாண்டுல ஹொய்சளர் கட்டினது, 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல பேலூர், ஹளேபீடோட சேர்ந்து இதுவும் வந்துச்சு. அந்தக் கல்லு வெட்டி எடுக்கறப்ப மெதுவா இருக்குமாம், காத்து பட்டுப் பட்டு அப்புறம் இறுகுமாம், அதனால நகை வேலை மாதிரியே நுணுக்கமா செதுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு சிலைக்கும் கழுத்துல, இடுப்புல, கையில, கால்ல நகை, அதுல கோத்த மணியெல்லாம் தனித்தனியா தெரியும். கொலுசு பண்ற கை அதுக்குப் பக்கத்துல போய் நிக்கணும் தங்கச்சி. பட்டறையில என்ன நடக்குதுன்னு வீட்டுல பேசாத ஆம்பளை கூட அங்க நின்னு தானா பேச ஆரம்பிச்சுடுவார், இது கம்பியில பண்ணலாம், இதுக்குப் பத்த வைக்கணும்னு. நீங்க கேளுங்க. வாட்ச் பாக்காதீங்க.

செவ்வாய்க்கிழமை ஒண்ணும் வச்சுக்காதீங்க, ஜூவும் அன்னைக்கு லீவு. லேட்டா எழுந்து, தோசை சாப்பிட்டு, தெருவுல நடந்துட்டு, சாயங்காலம் ரயில் ஏறினா நடுராத்திரிக்கு மேல சேலம். கிளம்பறதுக்கு முந்தி பாப்பாவுக்கு ஒரு சன்னபட்டணா மர பொம்மை மைசூர்லயே வாங்கிடுங்க. வர்ற வழியில சன்னபட்டணம் ஸ்டேஷன் வரும், அங்க இறங்கி வாங்கிக்கலாம்னு விட்டுடாதீங்க, ரயில் நிக்கிறது ஓரிரு நிமிஷம் தான்.