கட்டி வந்த எலி ஈரலில் ஹெக்சோகைனேஸ் ஏன் கூடவில்லை?

ஈரலில் கட்டி வரவைக்கும் வேதிப்பொருளான டைஎதில்நைட்ரோசமைன் கொடுத்த எலிகளின் ஈரலில், குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியான ஹெக்சோகைனேஸ் அளவு, கட்டுப்பாட்டுக் குழுவோடு ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எலிகளைச் சந்தேகிக்கும் முன் உங்கள் குளுக்கோஸ் செறிவைப் பாருங்கள்: 100 மில்லிமோலார். அதே வேலையைச் செய்யும், ஆனால் அதிகக் குளுக்கோஸ் இருந்தால்தான் வேகமெடுக்கும் குளுக்கோகைனேஸும் அந்தச் செறிவில் முழு வேகத்தில் ஓடும். நல்ல ஈரலில் அதுதான் பெரும்பங்கு. கட்டி வளரும்போது அது குறைய, ஹெக்சோகைனேஸின் ஒரு வகையான ஹெக்சோகைனேஸ் 2 கூடுகிறது. இரண்டையும் சேர்த்து அளந்தால் மாற்றம் மறைந்துபோகும்.

ஒவ்வொரு மாதிரியையும் 0.5 மில்லிமோலார் குளுக்கோஸிலும் 100 மில்லிமோலார் குளுக்கோஸிலும் அளந்து பாருங்கள். முதல் அளவு பெரும்பாலும் ஹெக்சோகைனேஸ். இரண்டாவது அளவிலிருந்து அதைக் கழித்தால் வருவது ஏறத்தாழ குளுக்கோகைனேஸ். பட்டினி போட்டாலே குளுக்கோகைனேஸ் குறையும் என்பதால் இரு குழுவுக்கும் ஒரே பட்டினி நேரம் கட்டாயம்.

அரைத்த திசுவை 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு விசையில்) சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் எடுத்ததும் தவறுதான். ஹெக்சோகைனேஸ் 2 மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். வீழ்படிவோடு சேர்த்து அதையும் வீசியிருப்பீர்கள். அரைத்த திசுவில் சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 0.5 சதவீதம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துவிட்டுப் பிறகு சுழற்றுங்கள்.

என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு உண்டாவதை 340 நானோமீட்டர் ஒளியில் பார்த்து நொதியை அளக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. திசுவிலுள்ள 6-பாஸ்போகுளுக்கோனேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி, ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் இரண்டாவது என்ஏடிபிஎச்சை உண்டாக்கிக் கணக்கை உயர்த்தும். அந்த நொதியையே தாராளமாகச் சேர்த்து, விடையை இரண்டால் வகுப்பது நம்பகமான வழி. ஒப்பிட்டுக் கழிக்க, குளுக்கோஸ் இல்லாத வெற்றுக்குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக வேண்டும்.

மிக முக்கியம்: கட்டி முடிச்சுகளைச் சுற்றுத் திசுவிலிருந்து வெட்டிப் பிரித்து, தனித்தனியே அரையுங்கள்.